குறட்டை என்று நினைத்தேன்

மாமா சோபாவில் சரிந்தபோது நான் செய்த முதல் தப்பு, அவர் மூச்சு விடுகிறார் என்று நம்பியதுதான். வாய் திறந்திருந்தது. கொர்ரென்று ஒரு சத்தம், நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு கொர். "அப்பா தூங்குறாரு போல" என்று என் கணவர் அவர் மேல் தண்ணீர் தெளித்தார். ஒரு நிமிடம் வீணாயிற்று. இதயம் நின்றுபோன பலருக்கும் முதல் சில நிமிடங்கள் இப்படித்தான் வாய் திணறும். பார்க்க மூச்சு மாதிரி இருக்கும், ஆனால் அது மூச்சு இல்லை.

அதனால் இரண்டே இரண்டைப் பாருங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவு இருக்கிறதா? மூச்சு வழக்கம்போல் வருகிறதா? இரண்டும் இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 விநாடிக்கு மேல் யோசிக்க வேண்டாம். நாடியைத் தேடவும் வேண்டாம், பதற்றத்தில் நம் விரலின் துடிப்பே நம்மை ஏமாற்றும். ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம் ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சோபாவிலோ மெத்தையிலோ வைத்து அழுத்தினால் பஞ்சுதான் அமுங்கும். நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறுகை. முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையை இறக்கி 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், இதயத்தில் ரத்தம் மறுபடி நிரம்புவது அப்போதுதான். பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊத வேண்டியதில்லை, பெரியவர்களுக்கு அழுத்தினாலே போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். அதை நேரில் பழகிக்கொள்வது நல்லது.

என் கைக்கடியில் ஏதோ படக்கென்றது. விலா எலும்பு. நான் கையை எடுத்துவிட்டேன். போனில் இருந்த பெண், "நிறுத்தாதீங்கம்மா, அழுத்துங்க" என்று அதட்டினார். எலும்பு ஒட்டிவிடும், மூளைக்கோ சில நிமிடங்கள்தான் அவகாசம். இரண்டு நிமிடத்தில் எனக்குத் தோள் விட்டுப்போக, கொழுந்தனார் மாறிக்கொண்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவதுதான் முறையாம், அன்று அது தற்செயலாக நடந்தது.

பக்கத்தில் எங்காவது ஏ.ஈ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக் கொடுக்கும் கருவி) இருந்தால் ஒருவரை ஓடவிட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். திறந்து போட்டால் செய்ய வேண்டியதை அதுவே சொல்லும். நெஞ்சில் ஒட்டும் அதன் இரண்டு பட்டைகளில் ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. ஷாக் கொடுக்கும்போது யாரும் தொடக்கூடாது, கொடுத்த உடனே மறுபடி அழுத்த வேண்டும். எங்களுக்கு அது ஆம்புலன்ஸோடுதான் வந்தது. பட்டை ஒட்டுவதற்கு முன் ஈர நெஞ்சைத் துடைக்க வேண்டியிருந்தது, எல்லாம் நாங்கள் தெளித்த தண்ணீர்.

நினைவோடு இருப்பவருக்கு மாரடைப்பு என்றால் கதை வேறு. நெஞ்சில் பாரம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சில சமயம் வெறும் குமட்டல், அசதி, மூச்சுவாங்கல். மாமா காலையிலேயே "வாயுத் தொல்லை" என்றார், நாங்களும் கேட்டுக்கொண்டோம். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்வார்கள், போனில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

மாமாவுக்கு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். சில நாள் ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார். விழித்த பிறகு ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்கு இன்னும் ஞாபகமில்லை. இதயம் நின்று மீண்டவர்களிடம் இந்த மறதியும் களைப்பும் சாதாரணம், அதற்கும் மருத்துவரைப் பார்க்கலாம். ஒன்றரை மாதம் தும்மும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.