சமையல் வகுப்பைப் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பேக்கிங் வகுப்பில் இடம் பிடித்துக் கொடுத்தேன். பிரெட், பன், பப்ஸ் எல்லாம் ஒரே நாளில் என்று சொல்லியிருந்தார்கள். ஏப்ரன் அங்கேயே தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சாயம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பியபோது கையில் நான்கு ஜெராக்ஸ் தாள்கள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். முப்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சேலையில் ஒரு பொட்டு மாவுகூட ஒட்டவில்லை.

இந்தப் பரிசில் நடக்கும் பெரிய தவறு இதுதான். 'சமையல் வகுப்பு' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை நடக்கிறது. ஒன்று டெமோ, பார்த்துக் குறிப்பெடுப்பது. மற்றது நாமே செய்வது. விளம்பரத்தைப் படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் போன் போட்டுக் கேளுங்கள்: ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்? மாவு பிசைவது வந்தவர்களா, உதவியாளரா? செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

கை படுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அதிரசம் ஒன்று போதும். கிண்ணத்துத் தண்ணீரில் வெல்லப்பாகை ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால், கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். பதம் கொஞ்சம் தாண்டினால் அதிரசம் கல்லாகிவிடும். போதாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். இதை எத்தனை வீடியோவில் பார்த்தாலும் வராது. அந்த உருண்டையை ஒரு முறை விரலுக்கு நடுவில் உணர்ந்தவருக்கு மறக்காது. வகுப்புக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். செய்முறைக் குறிப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

அதே அதிரசம் இன்னொன்றையும் காட்டும். பச்சரிசி ஊற வேண்டும், நிழலில் உலர வேண்டும், ஈரப்பதம் இருக்கும்போதே இடிக்க வேண்டும், பாகில் கிளறிய மாவு ஒரு நாளாவது இருக்க வேண்டும். அப்படியிருக்க இரண்டு மணி நேர வகுப்பில் என்ன நடக்கும்? யாரோ தயார் செய்த மாவைத் தட்டிப் போட்டுப் பொரிப்பது மட்டும்தான். சவர்டோ பிரெட்டும் அப்படித்தான், புளிக்கவே பல மணி நேரம் வேண்டும். எந்தக் கட்டத்திலிருந்து செய்ய விடுவார்கள் என்று கேட்காமல், பலகாரத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள்.

அடுத்த தவறு மனதைக் காயப்படுத்துவது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு மாமியார் வீட்டிலிருந்து சமையல் வகுப்பு பரிசு. கொடுத்தவர்கள் ஆசையாகவே கொடுத்திருக்கலாம். அவளுக்குக் கேட்பது 'உனக்குச் சமைக்கத் தெரியவில்லை' என்பதுதான். கணவன் மனைவிக்குக் கொடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. முப்பது வருடமாகத் தினமும் மூன்று வேளை சமைத்தவருக்கு 'வீட்டுச் சமையல்' வகுப்பு கொடுத்தால், லீவு நாளிலும் அடுப்படிக்கே அனுப்பியதாகிவிடும். அவர் கேட்காமல், அவர் அன்றாடம் செய்யும் சமையலில் வகுப்பு கொடுக்காதீர்கள். இதுவரை செய்யாத ஒன்றாக இருக்கட்டும்: சாக்லேட், பாஸ்தா, கேக் அலங்காரம். ஓய்வுபெற்ற அப்பாவுக்கோ, வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கப்போகும் தம்பிக்கோ ரசமும் கூட்டும் சொல்லித்தரும் வகுப்பைக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் அது புது உலகம். குழந்தை வைத்திருக்கும் அண்ணிக்குக் கொடுப்பதானால், அந்த அரை நாள் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்வதும் பரிசில் சேர்த்தி. அது இல்லாவிட்டால் அந்த வவுச்சர் பீரோவிலேயே கிடக்கும்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளில் நாம் 'சைவமா, அசைவமா' என்பதோடு நின்றுவிடுகிறோம். சைவம் என்று நினைத்துப் பதிவு செய்யும் வெளிநாட்டுச் சமையலில் மாட்டிக்கொள்வது எளிது. தாய்லாந்துக் கறி விழுதில் வழக்கமாக இறால் விழுது இருக்கும், மேலே மீன் சாஸும் சேரும். பார்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது. மூஸ் என்ற நுரைத்த இனிப்பு வகைகளில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். முட்டை சாப்பிடாதவர் என்றால் பேக்கிங் வகுப்பில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு நம்மூர்ச் சாம்பார் வகுப்பிலேயே சிக்கல் வரும். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்தது. வேர்க்கடலை, எள், இறால் அலர்ஜி பற்றி எல்லாம் வகுப்பு நடத்துபவரிடம் முன்கூட்டியே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். புரட்டாசியில் அசைவத்தை விடும் வீடு, கார்த்திகையில் மாலை போடும் வீடு, நோன்பு இருக்கும் வீடு, தவக்காலம் கடைப்பிடிக்கும் வீடு. அந்த நாட்களில் செட்டிநாட்டு ஆட்டுக்கறி வகுப்பு யாருக்கும் பயன்படாது.

வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. வகுப்பில் பெரிய அவனில் பிரமாதமாகச் செய்துவிட்டு வருவார். வீட்டில் இருப்பது சூடு பண்ணும் சாதாரண மைக்ரோவேவ். அதில் பிரெட் பொன்னிறமாக வராது. இண்டக்‌ஷன் மட்டும் இருக்கும் வீட்டில் குழிந்த வாணலியில் கற்ற ஆப்பத்தை எப்படிச் சுடுவது? வீட்டில் கருவி இல்லையென்றால், அந்தக் கருவி தேவைப்படாத வேறு வகுப்பைத் தேடுங்கள். அல்லது பணம் இருந்தால் வகுப்போடு ஓடிஜி என்ற சின்ன மின்சார அவன் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். குறைந்தபட்சம் முதல் முறைக்கான ஈஸ்ட், வெண்ணெய், மாவு ஒரு பையில்.

ஊர் சுற்றிச் சாப்பிடும் ஃபுட் வாக்குகளுக்கு வேறு கணக்கு. மதுரையில் ராத்திரி பருத்திப்பால், கறிதோசை, ஜிகர்தண்டா என்று நடந்து நடந்து சாப்பிடுவது எனக்குப் பெரிய சந்தோஷம். முழங்கால் வலி இருக்கும் மாமாவுக்கும் சர்க்கரை இருக்கும் அத்தைக்கும் அது தண்டனை. சென்னை சௌகார்பேட்டை மின்ட் தெருவிலும் உட்கார இடம் குறைவு. காபித் தோட்டத்துக்கு அனுப்புவதானால் பருவம் தெரிந்து அனுப்புங்கள். அரபிகா பழம் பறிப்பது பொதுவாக நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. மே மாதம் போனால் பச்சைச் செடிதான் இருக்கும். காரைக்குடியில் செட்டிநாட்டுச் சமையல் கற்க சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பினால் 400 கிலோமீட்டர் பயணம். வகுப்புக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு ரயில் டிக்கெட்டையும் முந்தைய இரவு தங்கும் அறையையும் அவர் தலையில் போட்டால், பரிசே அவருக்குச் செலவாகிவிடும்.

வவுச்சரில் தேதியைப் படியுங்கள். வங்கிகள் தரும் ப்ரீபெய்டு கிஃப்ட் கார்டு குறைந்தது ஒரு வருடம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஒரு சமையல் வகுப்பு தானே அச்சடித்துக் கொடுக்கும் வவுச்சருக்கு அந்த விதி பொருந்தாது; அவர்கள் போட்ட தேதிதான். மூன்று மாதம் என்றால் ஆறு மாதம் கேட்டுப் பாருங்கள். தேதி மாற்றலாமா, வேறு பெயருக்கு மாற்றலாமா, ஆள் சேராமல் வகுப்பு ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எந்த நாள் என்பதையும் நீங்களே முடிவு செய்து 'சர்ப்ரைஸ்' கொடுக்க வேண்டாம். கவரைக் கொடுங்கள், எந்த நாள் என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

அப்புறம், இரண்டாம் முறை அம்மாவிடம் முதலில் கேட்டேன். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, சித்தியும் வந்தால் போகலாம் என்றார். ஆறு பேர் மட்டும் இருக்கும் வகுப்பில் இரண்டு இடம் பிடித்தேன். இருவரும் மாவு ஒட்டிய கையோடு திரும்பினார்கள். அடி கொஞ்சம் கருகிய எட்டு பன்களில் இரண்டை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் அம்மா காபி போட்டார்.