பழைய ஏழு சீட் வண்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாவது குழந்தை பிறந்து, ஊரிலிருந்து தாத்தா பாட்டியும் வந்து தங்க ஆரம்பித்ததும் வீட்டிலிருக்கும் சின்ன கார் பத்தாமல் போகிறது. புது ஏழு சீட்டர் கைக்கு எட்டாத விலை. அதனால் பழைய எர்டிகா, இன்னோவா, ட்ரைபர் என்று தேடல் தொடங்குகிறது. மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், ஆயில் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வண்டி பார்ப்பது

அதிகச் செலவு வைப்பது இதுதான். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருவதும் இதில்தான், ஏனென்றால் அரை மணி நேரம் ஒதுக்கினால் தவிர்த்துவிடலாம்.

வீட்டுக்காரர் நண்பர் ஒருவரோடு போவார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நாலு கிலோமீட்டர் ஓட்டுவார். பிக்கப் நன்று, கிளட்ச் லேசு, ஏசி ஜில். பின்கதவைத் திறந்து மூன்றாவது வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். விற்பவர் அதைப் பெரும்பாலும் மடக்கியே வைத்திருப்பார், டிக்கி பெரிதாகத் தெரியும். அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறும். பிறகு எல்லாருமாகத் திருச்செந்தூருக்குக் கிளம்பும் காலையில்தான் உண்மை தெரியும்: சீட்டைத் தூக்கினால் பைகளுக்கு இடமில்லை, மடக்கினால் ஆட்களுக்கு இடமில்லை.

மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி எவ்வளவு என்று பாருங்கள். 2012-இல் வந்த முதல் எர்டிகாவில் 135 லிட்டர். 2018 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையில் 209. ட்ரைபரில் 84. 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் 300. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சின்ன டிராலிப் பெட்டி ஒன்றே சுமார் 40 லிட்டர். ஏழு பேர் இரண்டு நாள் தங்கப் போகும் துணிமணியையும் குழந்தையின் தள்ளுவண்டியையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது. பாட்டிக்கு முட்டிவலி, அதனால் நடு வரிசைதான். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் நடு வரிசையில்தான் இருக்கும். அப்படியானால் ஏறிக் குதித்துப் பின்னால் போக வேண்டியது அம்மாவும் மூத்த பிள்ளையும். பின்னால் போக நடு வரிசை சீட் ஒன்றை மடக்கி முன்னால் தள்ள வேண்டும். அந்தச் சீட்டில் குழந்தை சீட் மாட்டியிருந்தால் அது மடங்காது, வழி அடைபடும். குழந்தை சீட்டை மறுபக்கம் மாற்றினால் பாட்டி வழியில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு முறையும் அவர் இறங்கி ஏற வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுத் தனித்தனி கேப்டன் சீட் வைத்த ஏழு சீட் இன்னோவா இந்த இடத்தில் கை கொடுக்கும். பிள்ளை அந்த இடுக்கு வழியாகவே பின்னால் போய்விடும். எட்டு சீட் இன்னோவாவில் நடுவில் நீள பெஞ்ச், அந்த வசதி கிடையாது. விளம்பரத்தில் இரண்டுமே வெறும் ‘இன்னோவா’ என்றுதான் இருக்கும்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது வீட்டார் அத்தனை பேரையும், குழந்தை சீட்டையும், வழக்கமாக எடுத்துப்போகும் பைகளையும் கொண்டுபோங்கள். முதலில் குழந்தை சீட்டை மாட்டுங்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும் கைக்குழந்தை சீட் என்றால் முன்சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது, அதன் பிறகு முன்னால் இருப்பவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாரும் ஏறுங்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்பவர் சீட்டின் முதுகைச் சாய்த்து, தலைத் தாங்கியை உயர்த்தி, பெல்ட்டைப் போட்டுப் பார்க்கட்டும். அந்த நிலையில் டிக்கியில் மிஞ்சும் ஆழத்தைத் தரையிலும் தோள் உயரத்திலும் டேப் வைத்து அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. பிறகு நண்பகல் வெயிலில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலான பழைய எர்டிகாக்களில் கூரை ஏசித் துவாரங்கள் நடு வரிசைக்கு மேலேதான் இருக்கின்றன. கடைசி வரிசைக்குக் காற்று எட்டுகிறதா என்பதை அங்கே உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும்.

இதைச் செய்யாமல் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் விற்கப் பார்ப்பார். அதற்குள் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று ஏறியிருக்கும், விலை இறங்கும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன் எல்லாம் இன்னொரு தடவை.

சி.என்.ஜி. என்றதும் சம்மதிப்பது

சிலிண்டர் உட்கார்வது டிக்கியில். எர்டிகாவில் 60 லிட்டர் டேங்க் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும், அதற்குப் பிறகு பைகள் மடியில்தான். வெளியில் பொருத்திய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம், அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டி

ஏழு சீட்டரில் இது நிறைய. டாக்ஸியாக ஓடியதை வெள்ளைப் பலகைக்கு மாற்றி, மீட்டரையும் குறைத்து விற்பார்கள். மீட்டரில் 70,000 காட்டும் வண்டியின் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். கூரையில் கேரியர் உட்கார்ந்த நசுங்கல் இருக்கிறதா, நடு வரிசை சீட்டின் கதவோர விளிம்பு பஞ்சு இறங்கிக் கிடக்கிறதா, 80-க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய இடத்தில் வயர் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலி வண்டி பின்னால் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. டாக்ஸியாக ஓடியது குற்றமில்லை, ஒழுங்காகப் பராமரித்த டாக்ஸியும் உண்டு. ஆனால் அதை மறைத்துச் சொல்லும் விலைக்கு வாங்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே உள்ள கிலோமீட்டரைப் படித்தாலே வண்டி எப்படி ஓடியது என்பது விளங்கிவிடும்.

இன்சூரன்ஸ் தாளில் என்.சி.பி.யைப் படிக்காமல் விடுவது

‘ஆக்சிடென்ட் கிடையாது சார்’ என்பது வாய்வார்த்தை. பாலிசி தாளில் என்.சி.பி. (நோ க்ளெயிம் போனஸ்) என்று பிரீமியத் தள்ளுபடி ஒரு சதவீதமாக இருக்கும். க்ளெயிம் செய்யாத வருடங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும், க்ளெயிம் செய்தால் பூஜ்யத்துக்கு விழும். ஒரே ஓனர் ஏழு வருடம் வைத்திருந்த வண்டியின் இந்த வருடப் பாலிசியில் 20 என்று இருந்தால், போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கிறது. அந்த ரிப்பேர் பில்லைக் கேளுங்கள். அந்தச் சலுகை விற்பவருக்குச் சொந்தம், உங்களுக்கு வராது. அதனால் உங்கள் பிரீமியத்தை என்.சி.பி. இல்லாமலே கணக்குப் போடுங்கள்.

இருட்டிய பிறகு வண்டி பார்ப்பது

வேண்டாம்.

பள்ளிக்கூடம் விடவும் கூப்பிடவும் பி.எஸ்.6 டீசல்

பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய எஞ்சின் நன்றாகச் சூடேறி, நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டம் ஊருக்குள்ளேயே என்றால் பெட்ரோல் எடுங்கள். 2016-க்கு முந்தைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

தனியாக டெஸ்ட் டிரைவ்

ஐந்து பேரோடு, ஏசி போட்டு, மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. 2023-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அதே கதை. சீட் கவரும் சென்ட் வாசமும் புதிதாக இருந்தால் உஷார். கடைசி வரிசை பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் மண் கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. யாரும் துடைக்காத இடம் அது. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர்பேக் வயர் இணைப்புகள் சீட்டுக்கடியில் போகின்றன, அங்கே புகுந்த தண்ணீரின் பாதிப்பு மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

வெளிமாநில வண்டி மலிவு என்று நினைப்பது

பெங்களூரு, புதுச்சேரி வண்டிக்குப் படிவம் 28-இல் என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேப்பருக்கு அலைவது

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் உண்டு என்ற பதிவு) இருந்தால் படிவம் 35-உம், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, வண்டி வகை, இன்சூரன்ஸ் தேதி ஆகியவற்றைத் தாளோடு ஒப்பிடுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் காப்பு தொடரும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெயிம் கேட்கும்போது தகராறு வரும்.