மின்சாரத்திலிருந்து மெத்தனால்: பாதிப்பை எங்கிருந்து கணக்கிடுவது?

காற்றாலை மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்து, ஆலைப் புகையில் பிரித்த கார்பன் டைஆக்சைடோடு சேர்த்து மெத்தனால் என்ற எரிபொருளைச் செய்யப்போகிறோம், சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று வருகிறவர்கள் நேரே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். நான் அதை மூடி வைக்கச் சொல்வேன். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

ஒரு டன் மெத்தனாலை அலகாக வையுங்கள். அதற்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜனும் 1.4 டன் கார்பன் டைஆக்சைடும் வேண்டும். கிலோ ஹைட்ரஜனுக்கு 55 யூனிட் என்று வைத்தால் மின்சாரம் மட்டும் 10,000 யூனிட்டைத் தாண்டும். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஆக, 7 டன். இயற்கை எரிவாயுவில் செய்த மெத்தனாலோ, எரிப்பதையும் சேர்த்து 2 டன் சொச்சம்தான்! முழுக்கக் காற்றாலை என்றால் யூனிட்டுக்குப் பத்துப் பதினைந்து கிராம், அதாவது டன் மெத்தனாலுக்கு 100, 150 கிலோ.

சரி, அது உண்மையில் காற்றாலை மின்சாரமா? இங்கேதான் தோண்ட வேண்டும். தமிழ்நாட்டில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது தொகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ பில்லுக்குச் சரி. ஆனால் ஜனவரி இரவில், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்பானுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரிதான். அதனால் ஆண்டுக் கூட்டுத்தொகையை வாங்காதீர்கள். மணிவாரிப் பதிவைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது பசுமை எரிபொருளாகக் கணக்கில் சேர வேண்டுமென்றால், தொகுப்பு வழியே வரும் மின்சாரத்துக்கு 2029 வரை மாதவாரியாகவும் 2030 முதல் மணிவாரியாகவும் உற்பத்தியும் பயன்பாடும் பொருந்த வேண்டும் என்பது பொது விதி.

அடுத்து, கார்பன் யார் கணக்கில்? புகையைக் கொடுப்பது ஒரு சிமெண்ட் ஆலை என்று வையுங்கள். அது “என் புகை குறைந்தது” என்கிறது, மெத்தனால் ஆலை “எரித்தாலும் சுழியம்” என்கிறது. இரண்டையும் எழுதக் கூடாது. எரித்ததும் அது காற்றில்தான் கலக்கிறது. இரண்டு ஆலைகளையும் ஒரே எல்லைக்குள் வைத்து, சிமெண்ட், மெத்தனால் இரண்டையும் தனித்தனியே தயாரிக்கும் நிலையோடு ஒப்பிடுங்கள். சண்டை பாதி குறையும்.

தண்ணீரை விட்டுவிடாதீர்கள். கிலோ ஹைட்ரஜனுக்கு வேதிக் கணக்கில் 9 லிட்டர். சுத்திகரிப்பையும் குளிரூட்டலையும் சேர்த்தால் இன்னும் கூடும். கடல்நீர் என்றால் கழிவு உப்புநீர் எங்கே போகிறது என்று எழுதுங்கள். புரோட்டான் சவ்வு (PEM) வகை மின்பகுப்பானுக்கு இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும், அதையும் கணக்கில் எடுங்கள். ஹைட்ரஜன் கசிவையும் ஒரு வரியில் சேருங்கள், அதுவும் மறைமுகமாக வெப்பத்தைக் கூட்டும்.

அப்புறம், அதே காற்றாலை யூனிட் தொகுப்புக்குப் போய் நிலக்கரி மின்சாரத்தைத் தவிர்த்திருந்தால் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு மிச்சம்? பலருக்குப் பிடிக்காத கேள்வி. நான் தனி அட்டவணையாகவே கேட்பேன்.

கடைசியாக, மின்சாரம் யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டைஆக்சைடைத் தாண்டினால் புது மெத்தனால் இயற்கை எரிவாயு மெத்தனாலைவிட மோசமாகிறது என்று கண்டுபிடியுங்கள். மேலே போட்ட கணக்கில், புகையில் பிரித்த கார்பனின் முழுப் பலனையும் மெத்தனாலுக்கே கொடுத்தாலும், அது சுமார் 0.2 கிலோ வரும். இந்த எண்ணை அறிக்கையின் பின்னிணைப்பில் போடலாமே என்பார்கள். முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.