ஸ்பானிஷ் அழுத்தம்: புதுசா படிக்கிறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

ஆன்லைன்ல ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்கிறேன். புதுசா வர்ற ஒவ்வொரு பேட்ச்சும் நாங்க படிச்சப்போ சறுக்கின அதே இடத்துலதான் சறுக்குறாங்க: ஒரு வார்த்தைல எந்த அசையை அழுத்திச் சொல்லணும்ங்கிறதுல. ஆண்பால் பெண்பால் குழப்பமெல்லாம் பழகப் பழக சரியாயிடும், அதை விட்ருவோம்.

எழுத்து மேல இருக்கிற கோடு வெறும் அலங்காரம்னு நினைக்கிறது

இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் வருது. உயிரெழுத்து மேல சாய்வா ஒரு கோடு வரும்ல, அதுக்குப் பேரு தில்தே. மொபைல்ல டைப் பண்ண சோம்பல்பட்டு விட்டுடுறாங்க (எழுத்தை கொஞ்சம் அழுத்திப் புடிச்சாலே வந்துரும்), அப்புறம் வாயும் அதை விட்டுடுது. 'பாகோ'ல முதல் அசையை அழுத்தினா 'நான் கட்டுறேன்', கடைசி அசையை அழுத்தினா 'அவர் கட்டினார்', எழுதும்போது இதுக்குத்தான் கோடு. என் ஸ்டூடண்ட் ஒருத்தங்க மாட்ரிட்ல ஃப்ரெண்டோட சாப்பிட்டு முடிச்சு, ஃப்ரெண்டு உள்ள போய் ஏற்கனவே காசு கட்டிட்டாருன்னு சர்வர்கிட்ட சொல்ல நினைச்சு 'யா பாகோ'ன்னு முதல் அசையை அழுத்திச் சொல்லிருக்காங்க, அது 'இதோ நான் கட்டுறேன்'னு ஆயிடுச்சு, அவர் கார்டு மெஷினோட வந்து நிக்க, இவங்க பதட்டத்துல கார்டை நீட்ட, ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு போச்சு. வார்த்தையும் காலமும் அவங்களுக்கு நல்லாவே தெரியும், அழுத்தம் மட்டும்தான் தப்பு.

'தெர்மினோ' இன்னும் மோசம். முதல் அசைல அழுத்தினா 'முடிவு', நடுவுல அழுத்தினா 'நான் முடிக்கிறேன்', கடைசில அழுத்தினா 'அவர் முடிச்சார்'. தமிழ்ல எந்த அசையை அழுத்தினாலும் அர்த்தம் மாறாது, அதனால நம்ம காது இதை கவனிக்கவே பழகல. விதி சின்னதுதான்: உயிரெழுத்து, என், எஸ் இதுல முடிஞ்சா கடைசிக்கு முந்தின அசைல அழுத்தம், மத்ததுல முடிஞ்சா கடைசி அசைல. இதை மீறுற வார்த்தைக்கு கோடு.

ஒட்டின உயிரெழுத்தைப் பிரிக்கிறது

மருந்துக்கடை ஃபார்-மா-சியா, மூணே அசை, அழுத்தம் 'மா'ல. நம்மாளுங்க சி-யான்னு உடைச்சு 'சி'யை அழுத்துறாங்க. இ, உ ரெண்டும் பக்கத்துல ஆ, எ, ஒ இருந்தா ஒட்டிக்கும். பிரியணும்னா இ மேல கோடு இருக்கும், பனாதெரீயா (ரொட்டிக்கடை) மாதிரி.

ரெட்டை ஆரை உடைக்கிறது

அசை பிரிக்கும்போது ரெண்டு ஆர் (rr) சேர்ந்து வந்தா ஒரே எழுத்து மாதிரிதான், நடுவுல உடைக்காதீங்க.

வேர் மாறிடுச்சுன்னு பயப்படுறது

துவெர்மோ 'நான் தூங்குறேன்', தோர்மீமோஸ் 'நாங்க தூங்குறோம்'. லத்தீன்ல இருந்த குறில் ஒ, எ மேல அழுத்தம் விழுந்த இடத்துல உவெ, இயெ ஆச்சு, விழாத இடத்துல பழைய உருவமே நின்னுடுச்சு. கதவு புவெர்த்தா, ஆனா கதவு காக்கிறவர் போர்த்தேரோ. பல் தியெந்தே, பல் டாக்டர் தெந்தீஸ்தா. அழுத்தம் எங்கேன்னு பாத்தாலே ஒரே வேர்னு புரிஞ்சிடும், தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம்.

பன்மைலயும் அதே கோட்டைப் போடுறது

கான்சியோன் (பாட்டு) ஒருமைல கோடு உண்டு, கான்சியோனெஸ்ல கிடையாது. ஹோவென் (இளைஞர்) தலைகீழ், பன்மைலதான் கோடு வரும். அழுத்தம் இருந்த இடத்துலயே இருக்கு, பின்னாடி ஒரு அசை கூடுது, அவ்வளவுதான். கராக்தெர் (குணம்) மாதிரி சிலது மட்டும் பன்மைல அழுத்தத்தையே ஒரு அசை பின்னாடி தள்ளிடும், கராக்தேரெஸ்.