மாற்றம் செய்த பழைய ஹாம் ரேடியோ: பழைய நிலைக்குத் திருப்புவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா?

வால்வு காலத்து ரிக் (ஹாம் ரேடியோ செட்) எதையாவது வாங்கி மூடியைத் திறந்தால், உள்ளே பெரும்பாலும் முந்தைய சொந்தக்காரரின் கைவேலை தெரியும். கையேட்டில் இல்லாத ஒரு சுவிட்ச், மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு, எங்கே போகிறது என்றே தெரியாத மஞ்சள் வயர். ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், சும்மா இருக்கத் தெரியாதவர்கள். குரலை அனுப்ப ஏஎம் முறை போய் எஸ்எஸ்பி முறை வந்தபோது, அதைத் தெளிவாகக் கேட்க உதவும் புரொடக்ட் டிடெக்டரைப் பழைய ரிசீவர்களில் சேர்த்தார்கள். 1979 உலக வானொலி மாநாட்டில் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் கிடைத்ததும் அவற்றுக்கும் கிரிஸ்டல் தேடி மாட்டினார்கள்.

இப்படி ஒரு பெட்டி கைக்கு வந்ததும், "ஒரிஜினலுக்குக் கொண்டுவருகிறேன்" என்று எல்லாவற்றையும் வெட்டி எடுக்கத்தான் பலருக்கும் கை பரபரக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று காகிதத்தில் எழுதி முடிக்கும்வரை கட்டரைத் தொட வேண்டாம். திருப்புவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சாலிடரிங் தெரியும், மல்டிமீட்டர் பிடிப்பீர்கள், சர்க்யூட் படம் ஓரளவு படிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பிளக்கில் சொருகாதீர்கள்

"வேலை செய்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசையை அடக்குங்கள். ஹீத்கிட் எச்டபிள்யூ-101 போன்ற சாதாரண டிரான்ஸீவரிலேயே இறுதி வால்வுகளுக்கு 800 வோல்ட் அளவில் போகும். எஸ்பி-220 லீனியரில் (டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) 3000 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடிக்க வைத்திருக்கும் பிளீடர் ரெசிஸ்டர் வெந்துபோயிருந்தால் கட்டாயம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்த காப்புக் குச்சியால் வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே கை வையுங்கள்.

ஹாலிகிராப்டர்ஸ் எஸ்-38 போல டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட் என்றால் இன்னும் கவனம். அதில் மெயின்ஸின் ஒரு முனை சேஸிஸோடு (உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு) தொடர்பில் இருக்கும். மூன்று பின் வயர் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்கு, செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்தான் வழி.

படி 2: படம் எடுங்கள்

மேலே, கீழே, நாலு பக்கமும். சேஸிஸின் அடிப்பக்கத்தைத் துண்டு துண்டாக, நெருக்கத்தில். சுத்தம் செய்வதற்கு முன்பே எடுங்கள், ஏனென்றால் தூசு படிந்த விதமும் ஃபிளக்ஸ் கறையும் பின்னால் சாட்சி சொல்லும்.

படி 3: மாற்றங்களைச் சர்க்யூட் படத்தில் குறியுங்கள்

நான் அதிகம் திண்டாடியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கையேடு. போட் ஆங்கர் (கனமான பழைய ரேடியோக்களை ஹாம்கள் அழைக்கும் செல்லப்பெயர்) கையேடுகளை இலவசமாகச் சேர்த்து வைத்திருக்கும் 'பாமா' தளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். ஆனால் மாடல் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரே மாடலை வருடக்கணக்கில் தயாரித்தபோது கம்பெனியே நடுவில் சர்க்யூட்டை மாற்றிக்கொண்டே இருந்தது. யேசு எஃப்டி-101 என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பி, ஈ, எஃப் என்று பல வகை. சீரியல் நம்பருக்குப் பொருந்தாத கையேட்டை வைத்துக்கொண்டு பார்த்தால், தொழிற்சாலையே செய்த மாற்றம்கூட யாரோ கைவைத்த மாதிரித் தெரியும். அதை நீங்கள் "சரிசெய்ய"ப் போனால், நன்றாக இருந்த செட்டைக் கெடுத்ததாகிவிடும். கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் அறிக்கைகள் கிடைத்தால் அவற்றையும் தேடி எடுங்கள்.

அடுத்து, எது இளையது என்று பாருங்கள். துணி சுற்றிய வயர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வயர், மங்கிய சாலிடர்களுக்கு நடுவே பளபளக்கும் ஒன்று. அமெரிக்க உதிரிப்பாகங்களில் இன்னொரு வசதி உண்டு. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 1376412 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 64 என்பது வருடம், 12 என்பது வாரம். செட் 1959-இல் செய்தது, கன்ட்ரோல் 1964-இல் செய்தது என்றால் வேறு விளக்கமே வேண்டாம்.

சேர்த்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். எடுத்துவிட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது அங்கே இல்லை. காலியாக நிற்கும் டேக், வெட்டிய காலின் மிச்சம், ஒரு முனை மட்டும் எங்கேயும் சேராத வயர், இவற்றைத் தேடுங்கள். அதற்கும் மேலே நம்பகமான வழி, கையேட்டில் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் அட்டவணை. ஒவ்வொரு வால்வு சாக்கெட்டிலும் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே எத்தனை ஓம்ஸ் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். பவர் இல்லாமல், அட்டவணை சொல்கிற சுவிட்ச் நிலைகளில் வைத்து, ஒன்றுவிடாமல் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விலகிய இடத்தில் ஒன்று யாரோ கை வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் கார்பன் ரெசிஸ்டர் வயதாகி மதிப்பு ஏறியிருக்கிறது. அலுப்பான வேலைதான். ஆனால் இந்த ஒரு அட்டவணை, பளபளக்கும் சாலிடரைத் தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதைவிட எனக்கு அதிகம் காட்டிக்கொடுத்திருக்கிறது.

சேர்த்ததைச் சிவப்பிலும் எடுத்ததை நீலத்திலும் குறியுங்கள். இதற்கென்று மென்பொருள் எல்லாம் வேண்டாம். சர்க்யூட் படத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து மேசையில் விரியுங்கள், அது போதும்.

படி 4: மூன்று வகையாகப் பிரியுங்கள்

முதல் வகை, பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் செய்தவை. ஃபியூஸ் சேர்த்தது, மூன்று பின் வயர் போட்டது, கசியும் மெழுகுத்தாள் கெப்பாசிட்டர்களை மாற்றியது. மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பழைய கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கென்றே பாதுகாப்பாகச் செய்த ஒய் வகுப்புக் கெப்பாசிட்டர் போட்டதும் இதில் சேரும். இவற்றைத் திருப்பாதீர்கள். ஒரிஜினல் என்ற பெயரில் கசியும் கெப்பாசிட்டரைத் தேடிப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

*பிற்சேர்க்கை:* இந்தப் பத்தியைப் படித்த ஒருவர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு போட்டதையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். அவருடைய செட்டில் எல்லா வோல்டேஜும் கையேட்டில் இருப்பதைவிட அதிகமாக இருந்ததாம். காரணம் அதுவேதான். 5யு4 போன்ற வால்வு முழு லோடில் 40 வோல்ட்டுக்கு மேல் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சிலிக்கான் ஒரு வோல்ட் அளவுக்குத்தான். செலினியம் தகட்டை (பழைய வகை ரெக்டிஃபையர்) எடுத்துவிட்டு டயோடு போட்டாலும் இதே கதை. தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்கியிருந்தால் இந்த வகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது பாதி வேலை. முதலில் அதை முடியுங்கள்.

இரண்டாவது வகை, செட்டின் திறனைக் கூட்டச் செய்து, வேண்டுமென்றால் கழற்றிவிடக்கூடியவை. டிரேக் ஆர்-4சி ரிசீவரில் ஷெர்வுட் எஞ்சினியரிங் ஃபில்டர் இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள். நெருக்கமான சிக்னல்களுக்கு நடுவே அந்த ரிசீவரின் பலவீனமே அதனால்தான் சரியாயிற்று. எஸ்பி-220-இல் சாஃப்ட்-கீ போர்டு (ரிலேயைக் குறைந்த வோல்டேஜில் இயக்க உதவும் சின்ன போர்டு) இருந்தாலும் அப்படியே விடுங்கள். அந்த லீனியரின் ரிலே கம்பியில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். போர்டு இல்லாமல் நேராக இணைத்தால் லீனியரை இயக்கிவிடும் இன்றைய டிரான்ஸீவரின் கீயிங் டிரான்சிஸ்டர் போய்விடும். அதே லீனியரில் 10 மீட்டர் பட்டையையும் யாராவது திரும்பச் சேர்த்திருக்கலாம். 1978-இல் அமெரிக்க விதி மாறியதால் ஹீத்கிட் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு எஸ்பி-221 என்று விற்றது. உரிமம் உள்ள ஹாமுக்கு அது தேவையான பட்டை.

மூன்றாவது வகை, ஓட்டை. முன்பக்கப் பேனலில் துளைத்தால் துளைத்ததுதான். உலோகத்தை நிரப்பி, பெயின்ட் அடித்து, எழுத்தைத் திரும்ப அச்சிட்டாலும் தேடி வாங்குபவர் கண்ணுக்குத் தப்பாது. 1959-இல் வந்த காலின்ஸ் கேடபிள்யூஎம்-2 போன்ற செட்டில் ஒரு துளை மதிப்பை வெகுவாக இறக்கிவிடும். சேஸிஸின் பின்பக்கத்தில் ஆன்டெனா கனெக்டரை மாற்றப் பெரிதாக்கிய துளையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த மூன்றிலும் சரியாக அடங்காதவையும் வரும். எஃப்டி-101-இன் இறுதி வால்வு 6ஜேஎஸ்6சி, டிவிக்காகச் செய்தது, 12 பின். அதை எடுத்துவிட்டு 6146பி பொருத்தியிருப்பார்கள். சாக்கெட்டே வேறு என்பதால் துளை இல்லாமல் நடக்காது. ஆனால் திருப்பினால், தயாரிப்பு நின்றுபோன டிவி வால்வைத் தேடி அலைய வேண்டும். வேலை சுத்தமாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். பிசி-348 விமான ரிசீவரும் இப்படித்தான். போருக்குப் பிறகு உபரியாக வந்ததை வாங்கியவர்கள் 28 வோல்ட் டைனமோட்டரை (விமான பேட்டரியிலிருந்து உயர் வோல்டேஜ் தரும் சுழல் இயந்திரம்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெயின்ஸ் பவர் சப்ளை வைத்து, ஹீட்டர் வயரிங்கையும் மாற்றினார்கள். அந்தக் காலத்து வீட்டு மேசைகளில் அந்த ரிசீவர் அப்படித்தான் வாழ்ந்தது. அதுவும் அதன் சரித்திரம்தான்.

படி 5: இப்போது மின்சாரம் கொடுக்கலாம்

ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக்குகளை முதலில் மாற்றிவிடுங்கள். பழையதை மெதுவாக வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். டிரான்ஸ்பார்மரைப் பணயம் வைத்து நான் அதைச் செய்யமாட்டேன். பிறகு பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) இருந்தாலும் நான் பல்பைத்தான் எடுப்பேன். வேரியாக் கரன்ட்டைத் தடுக்காது, பல்பு தடுக்கும். டிரான்ஸ்மிட்டர் என்றால் ஆன்டெனா வேண்டாம், ஆன்டெனாவுக்குப் பதிலாக சக்தியை உறிஞ்சும் 50 ஓம்ஸ் டம்மி லோடில் மட்டும். ஒவ்வொரு பட்டையிலும் என்ன வெளியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: முடிவு

செட் அரிது, மாற்றம் கழற்றக்கூடியது, எடுத்த பாகங்கள் கையில் இருக்கின்றன, இந்த மூன்றும் சேர்ந்தால் பழைய நிலைக்குத் திருப்புங்கள். ஒன்று குறைந்தாலும் நான் யோசிப்பேன். பேனல் கெட்டுவிட்டது, உள்ளே நன்றாக ஓடுகிறது என்றால் அதை உபயோகிக்கும் ரிக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துளை விழுந்த செட்டில் பயப்படாமல் நீங்களும் கைவேலை காட்டலாம், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. படத்தில் சிவப்பும் நீலமும் மண்டி, பல பேர் வேலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, எது எதற்கு என்றே புரியவில்லையா? விற்றுவிடுங்கள், அல்லது அதே மாடலில் இன்னொன்றுக்கு உதிரிப்பாகமாக வையுங்கள்.

விற்பதற்காக மட்டும் பழைய நிலைக்குத் திருப்பாதீர்கள். உழைத்த நேரத்துக்கு விலை கிடைக்காது, வாங்குபவர் எப்படியும் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பிரிப்பார். அப்படியே விற்று, நீங்கள் குறித்த சர்க்யூட் படத்தை, எடுத்த பாகங்களை, சேஸிஸின் அடிப்பக்கப் படங்களைக் கூடவே கொடுங்கள். எந்தப் பட்டையில் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், 'புதுசு போல' என்று எழுதாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் என்றால் வாங்குபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி அவசியம்.

அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், எந்த சாக்கெட்டிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி. எஸ்பி-220 போன்றவற்றில் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வேறு பெட்டியில் போடுங்கள். வழியில் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் அந்த எடை சேஸிஸையே வளைத்துவிடும்.