நோட்டில் இருக்கிறது, காதில் இல்லை: ஆங்கிலக் கேட்டல் தேர்வுக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியில் என் மாலை வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். ஆத்தூர்ப் பக்கம், தனியார் மருத்துவமனையில் செவிலியர். பையிலிருந்து 200 பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. "மூவாயிரம் வார்த்தை மனப்பாடம் பண்ணிட்டேன்க்கா. ஆனா லிசனிங்ல மட்டும் மார்க் ஏறவே மாட்டேங்குது" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி நோட்டு என்னிடமும் இருந்தது.

வீட்டு முன்னறையில் எட்டுப் பத்துப் பேருக்கு, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், ஓஇடி (இது மருத்துவத் துறையினருக்கானது) இரண்டுக்கும் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் செவிலியர்கள், மீதிப்பேர் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள். நேரத்துக்குப் போங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்து, என் கண்ணெதிரே திரும்பத் திரும்ப மற்றவர்களும் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வில் நான்கு பகுதிகள், 40 கேள்விகள், ஏறத்தாழ 30 நிமிடப் பதிவு. பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். 23 விடை சரியென்றால் 6 பேண்ட் (தேர்வில் தரும் மதிப்பெண் நிலை), 30 என்றால் 7, 35 என்றால் 8 என்பது பொதுவான கணக்கு. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்யக் கேட்டலில் 7 வேண்டும். ஓஇடி எழுதினால் 350.

சொல்லைக் கண்ணால் மட்டும் படிப்பது

அந்தப் பெண்ணின் நோட்டிலிருந்து பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுத்தேன். தாளில் எழுதிக்காட்டி அர்த்தம் கேட்டேன். பத்துக்குப் பத்து. அப்புறம் அதே நோட்டிலிருந்து வேறு பத்துச் சொற்களைக் கைப்பேசி அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டேன். நான்குதான் பிடிபட்டன. "ஃபட்டீக்" என்று ஒலித்தபோது உதட்டைப் பிதுக்கினார். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். "சோர்வு, களைப்பு" என்று அவரே எழுதிவைத்திருந்தார். "இதுவா? நான் ஃபேட்டிக்யூன்னு படிச்சேன்க்கா" என்றார். நோயாளிகளின் களைப்பைத் தினமும் பார்க்கிற பெண், அந்தச் சொல்லையும் பல மாதமாகப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் எழுத்தைப் பார்த்தால் சத்தம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம், எல்லா அசைக்கும் ஒரே கனம் கொடுக்கிறோம். ஆங்கிலேயர் அப்படிப் பேசுவதில்லை. ஓர் அசையை அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடுகிறார்கள். நாம் "லேபரேட்டரி" என்பதை அவர்கள் "லபாரட்ரி" என்கிறார்கள். "கம்ஃபர்டபிள்" அவர்கள் வாயில் "கம்ஃப்டபிள்" ஆகிறது. ஃபோட்டோவில் முதல் அசை அழுத்தம். அதே குடும்பத்தில் படம் எடுப்பவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்ந்து "ஃபடாக்ரஃபர்" என்று கேட்கிறது. நம் ஊர் ஸ்டுடியோ பலகையைப் படித்தே பழகிய காதுக்கு அது புதுச் சொல்.

எழுத்து ஒன்று, சத்தம் ஒன்றாக இருப்பவை இன்னும் மோசம். "ரிஸீட்" என்பதில் பி எழுத்து உண்டு, சத்தம் இல்லை. விமானத்தில் இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழி "ஐல்". எழுத்தில் எஸ் இருக்கும், வாயில் வராது. விடுதியில் வரவேற்பறையோடு சேர்ந்த பெரிய அறையின் பெயரை எழுத்தைப் பார்த்துச் "சூட்" என்று படித்திருப்போம். பதிவில் "ஸ்வீட்" என்று வரும். என் வகுப்பில் ஒருவர் அந்த இடத்தில் மிட்டாய் என்று எழுதினார். அவர் படிக்காதவர் அல்லர், கணினிப் பொறியாளர்.

தனிச் சொல்லோடு விஷயம் முடிவதில்லை. ஒன்றரை மணி நேரத்தை "ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்" என்று நாம் பிரித்துப் பிரித்துச் சொல்வதை அவர்கள் "அனவரனஹாஃப்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. "போய்விட்டு வருகிறேன்" என்று எழுதுகிற நாம் வாசலில் நின்று "போய்ட்டு வரேன்" என்றுதானே சொல்கிறோம்? புத்தகத்தில் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் நம் வாசலில் நின்றால் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நாம் தேர்வறையில் விழிக்கிறோம். அதற்குள் பதிவு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

என் கதையும் இதுதான். கோவையில் போய் முதல் தடவை தேர்வு எழுதினேன். வாசித்தலில் 7.5, கேட்டலில் 6. ஹெட்ஃபோன் சரியில்லை என்று வீட்டில் சொன்னேன். அது உண்மையில்லை. அதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் ஐந்து மாதம் படித்திருந்தேன். வாரம் 100 சொற்கள் கொண்ட ஜெராக்ஸ் தாள் தருவார்கள், திங்கட்கிழமை எழுத்துத் தேர்வு வைப்பார்கள். 50க்கு 48 வாங்கிய தாள்களை அடுக்கி வைத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் அங்கே ஒருவர்கூட ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லிக் காட்டவில்லை. கட்டியது ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம், போனது ஒரு வருடம். இன்றைக்கும் அந்த ஜெராக்ஸ் தாள்களின் பிரதி என் மாணவர்கள் பையிலிருந்து வெளியே வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணின் நோட்டில் பாதிக்கு மேல் அதே தாள்களிலிருந்து எழுதியதுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் 3,000 என்ற எண்ணிக்கையை விடுங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்விசார்ந்த எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவையே. பத்து உட்பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார். முதல் பிரிவின் 60 குடும்பங்கள் மிக அதிகமாகப் புழங்குபவை. அங்கிருந்து தொடங்குங்கள். அன்றாடப் பேச்சுக்குரிய சொற்கள் இந்தப் பட்டியலில் வராது, அவற்றைப் பதிவுகளில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். அகராதிச் செயலியில் பிரிட்டிஷ் ஒலி, அமெரிக்க ஒலி இரண்டையும் அழுத்திக் கேளுங்கள். கேட்டபடியே வாய்விட்டு ஐந்து தடவை சொல்லுங்கள். எந்த அசையில் அழுத்தம் என்று அடிக்கோடு போடுங்கள். பிறகு அந்தப் பத்து ஒலிகளையும் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். மறுநாள் காலை நோட்டைத் திறக்காமல் பதிவை மட்டும் கேட்டு, எழுத்தையும் அர்த்தத்தையும் எழுதுங்கள். அந்தப் பெண் இப்போது பழைய காலண்டர் அட்டை ஒன்றை வெட்டி, நோட்டின் இரு பக்கத்தையும் மூடிக்கொண்டு கேட்கிறார். மூன்றாம் நாளே, தெரியும் என்று நினைத்த சொற்களில் எத்தனை அவருக்குத் தெரியவில்லை என்று அவரே எண்ணிச் சொன்னார்.

ஓஇடி எழுதுகிற செவிலியர்களுக்குத் தனியாக ஒன்று. கேட்டலின் 42 கேள்விகளில் 24 கேள்விகள் முதல் பகுதியிலேயே வருகின்றன. நோயாளி பேசப் பேசக் குறிப்பில் உள்ள இடைவெளிகளை நிரப்ப வேண்டும். நீங்கள் கல்லூரியில் படித்த மருத்துவச் சொல்லை நோயாளி சொல்ல மாட்டார். கை மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருப்பதைப் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்பார். வாந்தி எடுத்ததை "த்ரோயிங் அப்" என்பார். தலை லேசாகச் சுற்றுவதை "லைட் ஹெடட்" என்பார். நம் மருத்துவமனையில் ஒருவர் "நெஞ்சு கரிக்குது" என்று சொன்னால் நமக்கு உடனே புரிகிறதல்லவா? அந்த மாதிரிச் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் சேகரிக்க வேண்டும்.

கேள்வியில் உள்ள சொல்லே பதிவிலும் வரும் என்று காத்திருப்பது

வராது. கேள்வித்தாளில் "இலவசம்" என்று இருந்தால், பேசுபவர் "அதற்கு நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை" என்பார். தாளில் "குழந்தைகள்" என்றிருந்தால், பதிவில் "ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள்" என்று வரும். கேள்வியில் உள்ள அதே சொல் பளிச்சென்று காதில் விழுந்தால், பல சமயம் அது தவறான விடைக்கு இழுக்கும் தூண்டில். "செவ்வாய்க்கிழமை வருகிறேன்... இல்லை, அன்றைக்கு வேலை இருக்கிறது, வியாழன் வரட்டுமா?" என்ற மாதிரிப் பேச்சு முதல் பகுதியில் அடிக்கடி வரும். செவ்வாய் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைப்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வாக்கியம் முடியும்வரை காத்திருங்கள்.

சொல் எண்ணிக்கையைப் பார்க்காமல் எழுதுவது

இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்றால் மூன்றாவது சொல் சரியான விடையையும் கொன்றுவிடும்.

பன்மையின் எஸ்

விட்டால் மதிப்பெண் போச்சு.

எழுத்தையும் எண்ணையும் எளிது என்று ஒதுக்குவது

பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் கேள்வி எல்லோருக்கும் சுலபமாகத் தோன்றும். ஆனால் வேகத்தில் ஏ, ஈ, ஐ மூன்றும் நம் காதில் குழம்பும். கடைசி எழுத்தை நாம் "இசட்" என்போம், இங்கிலாந்துக்காரர் "ஸெட்" என்பார், அமெரிக்கர் "ஸீ" என்பார். தொலைபேசி எண்ணில் பூஜ்யம் "ஓ" ஆகிவிடும். 13, 30 இரண்டையும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டுப் பிரிக்கப் பழகுங்கள். பதின்மூன்றில் பின்னசை நீளும், முப்பதில் முன்னசை அழுத்தமாக வந்து பின்னசை சுருங்கும். வகுப்பில் ஆளுக்கு ஆள் பெயரும் எண்ணும் சொல்லி எழுதவைப்பேன். பத்து நிமிடம்தான், ஆனால் தினமும்.

ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று சும்மா இருப்பது

ஏற்காட்டில் விடுதிப் பள்ளியில் படித்த தம்பி ஒருவர் வந்தார். சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் பேசுகிறவர். மாதிரித் தேர்வில் 40க்கு 27. அவரால் நம்பவே முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதிவு தொடங்குமுன் கேள்விகளைப் படிக்கக் கொடுக்கிற சில விநாடிகளில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவைக் கதை கேட்பது மாதிரிக் கேட்டார், முழுக்கப் புரிந்துகொண்டார், எந்த விவரம் வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 14ஆம் கேள்வியைத் தவறவிட்டதும் அதையே யோசித்துக்கொண்டிருந்து 15, 16, 17 மூன்றையும் கோட்டைவிட்டார். போன விடை போகட்டும் என்று கையை அடுத்த எண்ணில் வைப்பதற்கே அவருக்கு இரண்டு வாரப் பயிற்சி தேவைப்பட்டது. அப்புறம் "அக்காமடேஷன்" என்பதில் சி இரண்டு, எம் இரண்டு. அதிலும் ஒன்று போனது. எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு கிடையாது. பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை எதில் எழுதினாலும் ஏற்பார்கள், பிழையாக மட்டும் இருக்கக் கூடாது.

மாதிரித் தேர்வாக எழுதித் தள்ளுவது

ஒரு நாளைக்கு மூன்று தேர்வு எழுதி, விடை பார்த்து, மதிப்பெண்ணைச் சுவரில் குறித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எடை பார்ப்பது மாதிரி. எடை பார்த்தால் உடம்பு தேறாது. ஒரு தேர்வு எழுதினால், தவறிய ஒவ்வொரு விடைக்கும் பதிவின் அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல்லின் சத்தம் தெரியாதா, இரண்டு சொல் ஒட்டிக்கொண்டதா. என் மாணவர்களின் சிவப்புக் குறிப்புகளில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் பக்கத்தை நிறைக்கின்றன. ஒரு தேர்வை இப்படி அலச மூன்று நாள் ஆகும். ஆகட்டும்.

ஒரே நாட்டு உச்சரிப்பை மட்டும் கேட்பது

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்கக் குரல்களும் தேர்வில் வரும்.

விடையை எடுத்தெழுத நேரம் இருக்கும் என்று நம்புவது

ஐஇஎல்டிஎஸ்ஸில், உங்கள் மையத்தில் தாள் முறை இருந்தால் 10 நிமிடம். கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எதில் எழுதப்போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

பாட்டு மாதிரி ஓடவிடுவது

வாரக் கடைசியில் ஏற்காடு பஸ்ஸில் மேலே போகும்போது, காதில் இயர்ஃபோனோடு ஆங்கில உரை கேட்டுக்கொண்டே வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அடிவாரத்தில் போடுவார்கள், 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை ஓடும். என்ன கேட்டாய் என்று கேட்டால் தலைப்பைத் தாண்டிச் சொல்லத் தெரியாது. நானும் அப்படி எத்தனையோ மணி நேரம் ஓடவிட்டிருக்கிறேன், ஒரு சொல் ஒட்டவில்லை. பஸ்ஸில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்றை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், எழுத்து வடிவத்தோடு கிடைக்கிறது. அதில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வளைவில் ஒரு தடவை, இரண்டாம் வளைவில் இன்னொரு தடவை. வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டே போங்கள். இறங்கியதும் ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்த ஒரு நிமிடத்தை எழுதிப் பாருங்கள். எழுத்து வடிவத்தை அதுவரை திறக்க வேண்டாம்.