ஃபிட்னஸ் டெஸ்டில் எங்கே கோட்டை விடுகிறோம்?

தினம் ஐம்பது தண்டால் எடுப்பவரிடம் உங்கள் வலிமை எவ்வளவு என்று கேட்டால், மார்பை நிமிர்த்தி ‘ஐம்பது’ என்பார். தசை சளைக்காமல் எத்தனை முறை உழைக்கும் என்பதைத்தான் அந்த ஐம்பது காட்டுகிறது. அதற்குப் பெயர் தசைத் தாங்குதிறன். ஒரே ஒரு முறை எவ்வளவு எடையைத் தூக்க முடியும், கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியான கைப்பிடிமானியை எவ்வளவு இறுக்க முடியும் என்று பார்ப்பதுதான் வலிமைக்கான சோதனை. இரண்டையும் போட்டுக் குழப்புவது ஜிம்மிலும் நடக்கிறது, பள்ளி மைதானத்திலும் நடக்கிறது.

ஆரோக்கியத்தோடு நேரடியாகச் சேர்ந்த கூறுகள் ஐந்து: இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும் திறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வு, உடலில் கொழுப்பின் பங்கு. வேகம், சமநிலை, சுறுசுறுப்பு எல்லாம் விளையாட்டுத் திறன் பக்கம் போகும். காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகும் பையனுக்கு, குனிந்தால் கால்விரல் எட்டாமல் போகலாம். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரே சோதனையை வைத்து ஒருவரை ‘ஃபிட்’ என்று முத்திரை குத்துவதில்தான் கோளாறு.

அடுத்தது பி.எம்.ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது எளிது என்பதால், பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற எல்லைகளைக் குழந்தைகளுக்கும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு 16 வந்தால் ‘எடை போதாது’ என்று வீட்டுக்குச் சீட்டு போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயதில் அது நடுத்தர அளவு. அதே வயதில் 22 வந்த பையன் ‘நார்மல்’ என்று தப்பிவிடுகிறான். அட்டவணையோ அவனை உடல் பருமனில் வைக்கிறது. வயது, பால் வாரியான அட்டவணையைப் பார்க்காமல் குழந்தையின் பி.எம்.ஐ.யைப் பேசவே கூடாது. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எடையைக் கத்திச் சொல்லும் பழக்கத்தையும் கைவிடலாம். பெரியவர்களுக்கும் நம் ஊர் உடல்வாகில் 23-லிருந்தே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டுகிறதா என்று டேப்பை வைத்துப் பார்ப்பது இன்னும் உருப்படியான வேலை.

கணக்கில் அதிகம் சறுக்குவது ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்டில். உழைத்து முடித்த பிறகு இதயத் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்க்கும், 1943-இல் வெளியான சோதனை இது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் நாடியை எண்ணத் தொடங்குவது தவறு. ஒரு நிமிடம் விட்டு 30 விநாடி எண்ண வேண்டும். பிறகு இரண்டாவது நிமிட முடிவிலும் மூன்றாவது நிமிட முடிவிலும் அதேபோல 30 விநாடி. மூன்றும் 70, 60, 50 என்று வந்தால் கூட்டுத்தொகை 180. ஏறிய 300 விநாடியை 100-ஆல் பெருக்கி, 180-இன் இரட்டிப்பான 360-ஆல் வகுத்தால் 83 வரும். நல்ல மதிப்பெண். ஆனால் பலர் ஒவ்வோர் எண்ணிக்கையையும் முன்னாலேயே இரட்டித்து ‘நிமிடத்துக்கு இவ்வளவு’ என்று எழுதிவிட்டு, சூத்திரத்தில் மறுபடியும் இரட்டிக்கிறார்கள். 83 பாதியாகி 42-இல் நிற்கும். நல்ல தெம்பான ஆள் ஒரே வரியில் ‘மோசம்’ ஆகிவிடுவார்! கட்டைவிரலால் நாடி பார்க்காதீர்கள், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. கழுத்தில் பார்ப்பதானால் அழுத்தாதீர்கள். அழுத்தம் கூடினால் துடிப்பு குறையும்.

கால்களை நீட்டி, பாதத்தைப் பெட்டியில் பதித்து உட்கார்ந்து, அதன் மேலுள்ள அளவுகோலில் விரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் நெகிழ்வுச் சோதனையில் முழங்கால் மடங்குவதும் வெட்டி வெட்டிக் குனிவதும் எல்லோரும் பார்த்ததுதான். பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. பாதம் படும் இடம் சில பெட்டிகளில் 23 செ.மீ. கோட்டில் இருக்கும், சிலவற்றில் 26-இல். போன வருடம் ஒரு பெட்டி, இந்த வருடம் வேறொன்று என்றால், உடல் அப்படியே இருக்கும்போதே 3 செ.மீ. கூடிவிடும். கை நீளமும் கால் குட்டையுமாக இருப்பவருக்கு இயல்பாகவே சாதகம் என்பதால், பக்கத்துப் பையனோடு ஒப்பிடுவதைவிட அவனவன் பழைய அளவோடு ஒப்பிடுவதே நியாயம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டின் 600 மீட்டர் ஓட்டத்தில் பிள்ளைகள் முதல் 200 மீட்டரைப் பறந்து கடந்து, மீதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அந்த நேரத்தை வைத்துத் தாங்குதிறனைச் சொல்ல முடியாது. சோதனை நாளுக்கு முன்பே இரண்டு மூன்று தடவை ஓடவிட்டு வேகத்தைப் பழக்க வேண்டும்.

பெரியவர்களில் சிலர் இணையத்தில் பார்த்துவிட்டு நேரே கூப்பரின் 12 நிமிட ஓட்டத்தில் குதிக்கிறார்கள். 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட சோதனை அது. முடிந்த மட்டும் ஓடச் சொல்வது. வருடக்கணக்கில் ஓடாதவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், மருத்துவரிடம் காட்டாமல் அதைத் தொடக்கூடாது. 1.6 கி.மீ. விறுவிறு நடைச் சோதனை அவர்களுக்குப் பொருத்தம். அதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நாற்காலிச் சோதனை இருக்கிறது: 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார்கள் என்று எண்ணுவது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும். கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் விதிப்படி மதிப்பெண் பூஜ்யம். பாவம் என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியோ பிளாஸ்டிக் நாற்காலியோ வேண்டாம். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.